ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு தொடங்குங்கள்: அமெரிக்கக் கறுப்பின வரலாற்றைத் தேடப் புறப்படுபவர்களுக்கு

வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்டுக்குக் குடிவந்த புதிதில் தினமும் 95-ஆம் நெடுஞ்சாலையில்தான் வேலைக்குப் போய்வந்தேன். ஊர் நடுவில் அந்தச் சாலையை ஒட்டி ஷாக்கோ பாட்டம் என்று ஒரு தாழ்வான பகுதி இருக்கிறது. இன்று அங்கே உணவகங்களும் அடுக்குமாடி வீடுகளும்தான். உள்நாட்டுப் போருக்கு முன்பு, நியூ ஆர்லியன்ஸுக்கு அடுத்தபடியாக நாட்டிலேயே பெரிய மனிதச் சந்தை அங்கேதான் நடந்தது. கூப்பிடு தூரத்தில் கறுப்பின மக்களின் பழைய இடுகாடு. 2011 வரை அதன்மேல் கார்களை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டு வருடம் அந்த வழியே போய்வந்த பிறகு, ஒரு சனிக்கிழமை காலை நடக்கப் போன இடத்தில் தகவல் பலகையைப் படித்துத்தான் இதெல்லாம் எனக்குத் தெரிந்தது. 1800-இல் ஒரு பெரும் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டதற்காகத் தூக்கிலிடப்பட்ட கேப்ரியல் என்ற கொல்லரின் பெயர் அங்கே இருந்தது. மண்ணுக்குள் இருந்த மற்றவர்களின் பெயர்கள் எங்கே என்ற கேள்வியோடு வீட்டுக்கு வந்தேன். என் தேடல் அங்கேதான் ஆரம்பித்தது.

பயிற்சி பெற்ற வரலாற்றாசிரியர் இல்லை நான். கணினி வேலை பார்ப்பவன். ஆனாலும் வேண்டிய ஆவணங்களில் பெரும்பகுதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ உட்கார்ந்துகொண்டும் பார்க்கலாம். அமெரிக்காவில் வாழும் தமிழர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு கடமை இருப்பதாகவே நினைக்கிறேன். ஆசியர்கள் வருவதைத் தடுத்துவைத்திருந்த பழைய ஒதுக்கீட்டு முறையை 1965-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் எடுத்தது. அதற்கு வழிவிட்ட காற்று, கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் கிளப்பியது. நாம் வந்த கதவை யார் திறந்தார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?

சொற்களைச் சரிசெய்துகொள்வது

தேட உட்காரும் முன் சொற்களைப் பற்றி ஒரு முடிவுக்கு வாருங்கள். "அடிமை" என்று எழுதும்போது அந்த மனிதர் பிறவியிலேயே அப்படி ஒரு பொருளாக இருந்ததுபோல ஆகிவிடுகிறது. "அடிமைப்படுத்தப்பட்டவர்" என்று எழுதினால் படுத்தியவர் ஒருவர் இருந்தார் என்பது கண்முன் நிற்கும். சொல் நீளம்தான், பரவாயில்லை. ஒரு பக்கத்தில் பத்து முறை அதையே எழுத முடியாதபோது நான் சமையல்காரர், தையல்காரி, படகோட்டி என்று அவர்கள் செய்த தொழிலையே எழுதிவிடுவேன். பெயர் தெரிந்தால் பெயர்.

நாம் எழுதும் சொல் வேறு, தேடும் சொல் வேறு. அந்தக் காலத்துக் காகிதங்களில் நீக்ரோ, முலாட்டோ (கலப்பினத்தவர்), கலர்டு என்றுதான் இருக்கும். தென் மாநிலங்களில் "சர்வன்ட்" என்று எழுதியிருந்தால் பல இடங்களில் கூலி வாங்காத, வாங்க முடியாத மனிதரைத்தான் அது குறிக்கும். தேடல் பெட்டியில் அந்தச் சொற்களைத் தட்டத்தான் வேண்டும். நம் எழுத்தில் அவை மேற்கோளாக மட்டும் வரட்டும்.

அப்புறம், சில ஆண்டுகளை மனத்தில் பதித்துக்கொண்டால் எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் அது எந்தக் காலம் என்று பிடிபடும். 1619 ஆகஸ்டில், அங்கோலாவிலிருந்து பிடித்துவரப்பட்ட இருபதுக்குச் சற்று மேற்பட்டவர்கள் வர்ஜீனியாவின் பாயின்ட் கம்ஃபர்ட்டில் இறக்கப்பட்டார்கள். 1662-இல் வர்ஜீனியா ஒரு சட்டம் போட்டது: தாயின் நிலை எதுவோ அதுவே பிள்ளையின் நிலை. தகப்பன் பண்ணை முதலாளியாகவே இருந்தாலும், பிறக்கும் குழந்தை அவருடைய சொத்துக் கணக்கில் ஏறும். அந்த ஒரு வரி இருநூறு ஆண்டுக்கு வயிற்றில் இருந்த பிள்ளைகளை எல்லாம் விலைப்பொருளாக்கியது. 1808 முதல் வெளிநாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுவரத் தடை வந்தது. உள்நாட்டு விற்பனை அதன்பிறகுதான் பெருகியது. வர்ஜீனியா, மேரிலாண்டு பக்கமிருந்து சுமார் 10 லட்சம் பேர் தெற்கே பருத்தி, கரும்பு நிலங்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 1863-இல் லிங்கனின் விடுதலைப் பிரகடனம், 1865 டிசம்பரில் அடிமைமுறையை ஒழித்த பதின்மூன்றாவது சட்டத்திருத்தம். ஆரம்பத்துக்கு இவ்வளவு போதும்.

எண்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், பலரும் தவறாக எண்ணிக்கொண்டிருப்பதால். அட்லாண்டிக்கில் கப்பலேற்றப்பட்ட ஆப்பிரிக்கர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம். உயிரோடு கரை இறங்கியவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 7 லட்சம். அதில் இன்றைய அமெரிக்க நிலப்பரப்புக்கு நேரடியாக வந்தவர்கள் 4 லட்சத்துக்கும் குறைவு. பெரும்பங்கு பிரேசிலுக்கும் கரீபியன் தீவுகளுக்கும் போனது. ஸ்லேவ் வாயேஜஸ் என்ற தளத்தில் சுமார் 36,000 கடற்பயணங்களைக் கப்பல் பெயர், துறைமுகம், ஆண்டு வாரியாகத் தேடலாம். ஆனால் அங்கேயே முதலில் போய் உட்காராதீர்கள். அந்த எண்களுக்குள் விழுந்தால் மனிதர்கள் மறைந்துபோவார்கள். எனக்கு அப்படித்தான் ஆனது. மூன்று மாதம் அட்டவணைகளாகச் சேர்த்தேன், ஒரு முகம்கூட எனக்குத் தெரியவில்லை.

ஒரே ஒரு ஆள்

அதனால் என் யோசனை: ஒரு ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள், அல்லது ஒரு கவுண்ட்டியை (மாநிலத்துக்குள் நம் மாவட்டம் மாதிரி ஒரு பிரிவு). எதைப் பார்த்தாலும் அந்த ஆளைச் சுற்றியே பாருங்கள். புதியவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் பெயர் ஓனா ஜட்ஜ். அவரைப் பற்றி இரண்டு தரப்புக் காகிதமும் தப்பிப் பிழைத்திருக்கிறது. தேடிக் கண்டுபிடிக்கும் வித்தை முழுவதையும் இந்த ஒரு பெண்ணை வைத்தே கற்றுக்கொள்ளலாம்.

முதல் காகிதம் ஒரு விளம்பரம். நம் ஊரில் மின்கம்பத்தில் "காணவில்லை" என்று ஒட்டுவார்களே, அதுபோல அன்றைய அமெரிக்க செய்தித்தாள்களில் ஓடிப்போனவர்களைத் தேடி விளம்பரம் வரும். 1796 மே 24-ஆம் தேதி ஃபிலடெல்ஃபியா நாளிதழ் ஒன்றில் வந்தது இது. அமெரிக்க ஜனாதிபதியின் வீட்டிலிருந்து ஓனி ஜட்ஜ் ஓடிவிட்டாள். சுமார் இருபது வயது, மெலிந்த உடல், நடுத்தர உயரம், முகத்தில் நிறையப் புள்ளிகள், மிகக் கறுத்த கண்கள், அடர்ந்த கறுப்பு முடி. ஜனாதிபதி என்றால் ஜார்ஜ் வாஷிங்டன். விளம்பரம் கொடுத்தவர் வீட்டு நிர்வாகி. பிடித்துத் தருபவருக்குப் பத்து டாலர்.

இதை ஒருமுறை படித்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். தாளை எடுத்துவைத்துக்கொண்டு மெதுவாகப் படியுங்கள். பலவகையான நல்ல உடைகள் அவளிடம் உண்டு, ஆனால் விவரிக்கும் அளவுக்கு நினைவில்லை என்கிறது ஒரு வரி. கப்பலில் தப்ப முயலலாம், கப்பல் தலைவர்கள் அவளை ஏற்றக்கூடாது என்று எச்சரிக்கிறது இன்னொரு வரி. பயணச் செலவுக்கு அவளிடம் பணம் இருப்பதாகக் கேள்வி என்றும் வருகிறது. இவை எல்லாவற்றையும்விட, போவாள் என்ற சந்தேகமே இருக்கவில்லை, போவதற்கான தூண்டுதலும் எதுவும் இல்லை, எனவே எங்கே போயிருப்பாள் என்று ஊகிக்க முடியவில்லை என்ற வரி. அடிமைத்தனத்தில் இருப்பதே ஒரு காரணம் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவே இல்லை. விளம்பரம் எழுதியவர் தன்னை அறியாமலே தன்னைப் பற்றிச் சொல்லிவிட்ட இடம் அது.

இரண்டாவது காகிதம் வாஷிங்டனின் கடிதங்கள். ஃபவுண்டர்ஸ் ஆன்லைன் என்ற தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். 1796 செப்டம்பர் 1-ஆம் தேதி தன் நிதிச் செயலாளர் ஆலிவர் வோல்காட்டுக்கு எழுதுகிறார். வேலைக்காரியைப்போல் நடத்தாமல் பிள்ளையைப்போல் வளர்த்தோம், இப்படி நன்றி கெட்டுப் போனாளே என்கிறார். யாரோ ஒரு பிரெஞ்சுக்காரன் ஆசை காட்டி அழைத்துப்போயிருக்க வேண்டும் என்றும் நம்புகிறார். அதற்குள் ஓனா நியூ ஹாம்ப்ஷயரின் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் இருப்பது தெரிந்துவிட்டது. அங்கிருந்த சுங்க அதிகாரி ஜோசப் விப்பிள் அவரைச் சந்தித்துப் பேசுகிறார். வாஷிங்டன் தம்பதியர் காலத்துக்குப் பிறகு விடுதலை உண்டு என்று வாக்களித்தால் திரும்பி வருகிறேன் என்று ஓனா சொன்னதாக அவர் எழுத, அப்படி ஒரு பேரத்துக்கு இடமே இல்லை என்று ஜனாதிபதியிடமிருந்து பதில் வருகிறது. யோசித்துப் பாருங்கள், நாட்டின் முதல் குடிமகனோடு பேரம் பேசுகிறார் இருபது வயதுப் பெண்.

மூன்றாவது காகிதம்தான் பொக்கிஷம். 1840-களில், முதுமையில், ஓனாவே இரண்டு முறை பேட்டி கொடுத்திருக்கிறார். இரண்டும் அடிமை ஒழிப்பு இதழ்களில் வந்தன. வர்ஜீனியாவுக்குத் திரும்ப வாஷிங்டன் வீட்டார் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது தானும் மூட்டை கட்டியதாகச் சொல்கிறார். எங்கே போவது என்று தெரியாது, வர்ஜீனியாவுக்குப் போனால் விடுதலை இனி இல்லை என்பது மட்டும் தெரியும். ஃபிலடெல்ஃபியாவின் கறுப்பின மக்களில் தனக்கு நண்பர்கள் இருந்தார்கள், தன் பொருட்களை முன்கூட்டியே அவர்களிடம் அனுப்பிவைத்துவிட்டேன், வாஷிங்டன் வீட்டார் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வீட்டைவிட்டு வெளியேறினேன் என்கிறார்.

இப்போது விளம்பரத்துக்குத் திரும்பிப் போங்கள். "உடைகள் நினைவில்லை" என்ற வரி இருக்கிறதே, அந்த உடைகள் அதற்கு முன்பே தெருவைக் கடந்து நண்பர் வீட்டுக்குப் போய்விட்டிருந்தன. இரண்டு காகிதங்களுக்கும் நடுவே ஐம்பது ஆண்டு. ஒன்றோடு ஒன்று பொருந்தும் அந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. இதைச் செய்யத்தான் நாம் கற்றுக்கொள்ள வேண்டும். பிடிக்க நினைத்தவரின் காகிதத்தையும் தப்பியவரின் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது.

ஏன் அவசரமாக வர்ஜீனியாவுக்கு என்று கேட்டால், அதற்கும் ஒரு சட்டக் காகிதம் இருக்கிறது. வேறு மாநிலத்தவர் கொண்டுவந்து வைத்திருக்கும் ஆள் ஆறு மாதம் பென்சில்வேனியாவில் இருந்துவிட்டால் விடுதலை கோரலாம் என்றது அந்த மாநிலத்தின் 1780-ஆம் ஆண்டுச் சட்டம். ஆறு மாதம் முடியும் முன்பே ஆட்களை மாநில எல்லை தாண்டி அனுப்பித் திரும்ப வரவழைத்துக்கொண்டிருந்தது ஜனாதிபதி வீடு. ஓனாவைத் திருமதி வாஷிங்டனின் பேத்திக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுப்பதென்று முடிவும் ஆகியிருந்தது.

ஓனா பிடிபடவே இல்லை. ஒரு மாலுமியை மணந்து, மூன்று பிள்ளைகள் பெற்று, அவர்களையும் கணவரையும் இழந்து, வறுமையில் 1848-இல் இறந்தார். வாஷிங்டன் 1793-இல் கையெழுத்திட்ட சட்டப்படி கடைசிவரை அவர் தப்பியோடியவர்தான். தன்னை ஏற்றிவந்த கப்பல் தலைவரின் பெயரை, அவர் இறக்கும்வரை யாரிடமும் சொல்லவில்லை. அவரைத் தண்டித்துவிடுவார்களோ என்ற பயம். அந்த வீட்டில் இருந்ததைவிட அதிகமாக உழைக்க வேண்டி வந்ததே, வந்ததற்கு வருத்தமில்லையா என்று கேட்டதற்கு, இல்லை, நான் சுதந்திரமாக இருக்கிறேன் என்றார்.

இப்படிப்பட்ட விளம்பரங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. கார்னெல் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட ஃபிரீடம் ஆன் தி மூவ் என்ற தொகுப்பில் தேடலாம். ஒரு விளம்பரம் எடுத்து இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்: என்ன தொழில் தெரிந்தவர்? எத்தனை மொழி பேசுகிறார்? எந்தத் திசையில் போயிருப்பார் என்கிறார்கள், அங்கே யார் இருக்கிறார்கள்? பெரும்பாலும் விற்கப்பட்ட மனைவியோ தாயோ இருப்பார்கள். உடம்பில் என்ன தழும்பு, அதை யார் உண்டாக்கியது? தாமஸ் ஜெஃபர்சன் 1769-இல் சாண்டி என்பவரைத் தேடிக் கொடுத்த விளம்பரத்தில், அவர் செருப்புத் தைப்பவர், இடது கையால் வேலை செய்பவர், தன் கருவிகளையும் எடுத்துப் போயிருக்கிறார் என்று இருக்கிறது. கருவியோடு போகிறவர் பிழைக்கும் வழியை யோசித்துவிட்டுத்தான் போகிறார்.

பழைய அச்சில் எஸ் என்ற எழுத்து பல இடங்களில் எஃப் போலத் தெரியும். கணினியும் அப்படியே ஏமாறும். தேடியது கிடைக்காவிட்டால் எழுத்தை மாற்றிப் போட்டுப் பாருங்கள். பெயரும் அப்படித்தான், ஓனா, ஓனி என்று இரண்டு விதமாகவும் தேட வேண்டும்.

இங்கே ஒரு கிளைக்கதை. உடை வர்ணனைகளில் சில இடங்களில் "மெட்ராஸ் கைக்குட்டை" என்று வரும், பெண்கள் தலையில் கட்டிக்கொள்ளும் கட்டம்போட்ட துணி. முதன்முதலில் பார்த்தபோது அப்படியே நிறுத்திவிட்டேன். சோழமண்டலக் கரையில் நெய்த பருத்தித் துணி ஐரோப்பியக் கப்பல்களில் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய், அங்கே மனிதர்களை வாங்கும் விலைப்பொருளாகவும் இருந்தது. புதுச்சேரிப் பக்கத்து நீலத்துணிக்கு அங்கே தனி மதிப்பு. நெய்த கைகளுக்கு அந்தத் துணி எங்கே போனது என்று தெரிந்திருக்காது. தறியிலிருந்து கைகள் கட்டப்பட்டவர்கள்வரை அந்த நூல் ஓடுகிறது. தமிழில் யாராவது இதை முழுசாக எழுத வேண்டும்.

பெயரில்லாத தாள்கள்

அடுத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1850, 1860 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அடிமைப்படுத்தப்பட்டவர்களுக்குத் தனி அட்டவணை போட்டார்கள். ஃபேமிலி சர்ச் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கினால் மூலத் தாளின் படத்தையே பார்க்கலாம். இடது பக்கம் உடைமையாளரின் பெயர். அதற்குக் கீழே வரிசையாக வயது, பால், நிறம். 35, பெண், கறுப்பு. 12, ஆண், முலாட்டோ. அவ்வளவுதான். பெயருக்குக் கட்டமே கிடையாது. ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தையைப் பின்னமாக எழுதுவார்கள், ஐந்து மாதம் என்றால் 5/12. 1860-இல் இப்படி எண்ணப்பட்டவர்கள் 39,53,760 பேர்.

விடுதலைக்குப் பிறகு வந்த 1870 கணக்கெடுப்பில்தான் இவர்களில் பெரும்பாலோர் முதன்முறையாகத் தங்கள் பெயரோடு தாளில் ஏறினார்கள். அதனால்தான் கறுப்பினக் குடும்ப வரலாறு தேடுபவர்கள் "1870 சுவர்" என்கிறார்கள். அதற்கு இந்தப் பக்கம் பெயர், அந்தப் பக்கம் வயதும் பாலும் மட்டும்.

சுவரைத் தாண்ட ஒரு வழி இருக்கிறது, பொறுமை வேண்டும். 1870 தாளில் உங்கள் ஆளைக் கண்டுபிடியுங்கள். அதே பக்கத்திலும் முன்பின் பக்கங்களிலும் இருக்கும் வீடுகளையும் எழுதிக்கொள்ளுங்கள். சொந்தபந்தம் அருகில்தான் இருக்கும். அப்புறம் அதே கவுண்ட்டியில் அதே குடும்பப் பெயரோடு 1860-இல் நிலம் வைத்திருந்த வெள்ளையர்களைப் பட்டியலிடுங்கள். அவர்களின் உயில், இறந்தபின் எடுத்த சொத்துப் பட்டியல், கடன் வழக்கு இவற்றைக் கவுண்ட்டி நீதிமன்றப் பதிவுகளில் தேடுங்கள். மாட்டுக்கும் மேசைக்கும் நடுவில், டாலர் விலையோடு மனிதப் பெயர்கள் அங்கே வரும். படிக்கக் கடினமான பக்கங்கள் அவை, ஆனால் பெயர் அங்கேதான் இருக்கிறது. வர்ஜீனியாவில் தேடுபவர்களுக்கு மாநில நூலகத்தின் வர்ஜீனியா அன்டோல்டு தொகுப்பு பெரிய உதவி.

ஒரு எச்சரிக்கை: குடும்பப் பெயரும் கடைசி உடைமையாளரின் பெயரும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பலர் அதற்கு முந்தைய உடைமையாளரின் பெயரை வைத்திருந்தார்கள், சிலர் தகப்பன் வழிப் பெயரை, சிலர் தாங்களே விரும்பிய பெயரை. நானே இப்படித் தவறான பண்ணையில் ஒரு குளிர்காலம் முழுவதையும் வீணாக்கினேன்.

1865-க்குப் பிறகு காகிதம் பேசத் தொடங்குகிறது. விடுதலை பெற்றவர்களுக்காக அரசு 1865 மார்ச்சில் ஏற்படுத்திய ஃபிரீட்மென்ஸ் பீரோவின் பதிவுகளில் கூலி ஒப்பந்தம், திருமணப் பதிவு, ரேஷன், வன்முறைப் புகார் என்று எல்லாம் உண்டு. அதே சமயம் தொடங்கிய ஃபிரீட்மென்ஸ் சேமிப்பு வங்கி இன்னும் விவரமாகக் கேட்டு எழுதியது. கணக்குத் தொடங்க வந்தவரின் பெற்றோர், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள், சில கிளைகளில் பழைய உடைமையாளரின் பெயர்கூட. 1874-இல் வங்கி மூழ்கி, வியர்வை சிந்திச் சேர்த்தவர்கள் பணத்தை இழந்தார்கள். அவர்கள் சொன்ன குடும்ப விவரம் மட்டும் பதிவேட்டில் நிலைத்தது. உள்நாட்டுப் போரில் வடக்குத் தரப்பான ஒன்றியப் படையில் போரிட்ட சுமார் 1,79,000 கறுப்பின வீரர்களின் ஓய்வூதியக் கோப்புகளும் அருமையானவை. சட்டம் அங்கீகரிக்காத திருமணத்தை விதவை நிரூபிக்க வேண்டும், அதற்காக அக்கம்பக்கத்தினர் வந்து அந்தக் கல்யாணம் எப்படி நடந்தது என்று சாட்சி சொல்லியிருப்பார்கள்.

இந்தக் காலத்துக் காகிதங்களில் ஒன்றை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், "லாஸ்ட் ஃபிரெண்ட்ஸ்" பத்தியைப் படியுங்கள். நியூ ஆர்லியன்ஸில் வெளியான ஒரு மெதடிஸ்ட் திருச்சபை இதழில் 1879 முதல் வந்த பத்தி. விற்கப்பட்டுப் பிரிந்த அம்மா, அண்ணன், மகள் இவர்களைத் தேடி மக்கள் எழுதிய கடிதங்கள். சந்தா கட்டாதவர்கள் ஐம்பது சென்ட் கொடுத்துப் போட வேண்டும். ஞாயிறு ஆராதனையில் போதகர்கள் அதை உரக்கப் படிக்க வேண்டும் என்று இதழ் கேட்டுக்கொண்டது. விடுதலை கிடைத்துப் பதினைந்து, இருபது ஆண்டுக்குப் பின்னும் தேடுகிறார்கள். முன்பு பார்த்த ஓடிப்போனவர் விளம்பரங்களில் உடம்பின் அடையாளம்தான் இருக்கும். இவற்றில் இருப்பது உறவு: அம்மா பெயர் இது, நாங்கள் இத்தனை பேர், இந்த ஊரில் இன்னாரிடம் இருந்தோம், நான் சிறுபிள்ளையாக இருந்தபோது விற்றார்கள். ஹிஸ்டாரிக் நியூ ஆர்லியன்ஸ் கலெக்‌ஷன் இவற்றை இணையத்தில் வைத்திருக்கிறது. நாளைக்கு நாலைந்துக்கு மேல் என்னால் படிக்க முடிவதில்லை.

கேட்டவர் யார் என்று பாருங்கள்

1936 முதல் 1938 வரை அரசுத் திட்டத்தின் கீழ், அடிமைத்தனத்தில் பிறந்து அப்போதும் உயிரோடிருந்த முதியவர்களைப் பேட்டி எடுத்தார்கள். 2,300-க்கும் மேற்பட்ட பேட்டிகள் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தளத்தில் கிடைக்கின்றன. புதியவர்கள் எல்லாரும் முதலில் இங்கேதான் போவார்கள், "எஜமான் நல்லவர்" என்ற வரியைப் பார்த்துக் குழம்பிப்போவார்கள்.

சார்ல்ஸ்டனில் வாழ்ந்த சூசன் ஹாம்லின் என்ற மூதாட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அவரை இரண்டு பேர் தனித்தனியாகப் பேட்டி எடுத்தார்கள். வெள்ளைக்காரப் பெண் போனபோது, நிவாரண அலுவலகத்திலிருந்து வந்தவர் என்றே எடுத்துக்கொண்டார் மூதாட்டி. பேட்டி எடுத்தவர் மறுக்கவில்லை. சோற்றுக்கு வழி தேடும் வயதில், கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்துவைத்த சட்டங்கள் ஆண்ட ஊரில், அதிகாரி என்று நினைத்த வெள்ளைக்காரரிடம் என்ன சொல்வார்? உடைமையாளர் நல்ல மனிதர் என்றார். கறுப்பின எழுத்தாளர் ஒருவர் போனபோதோ சவுக்கடியும், திருமணமான மறுநாள் காலையே விற்கப்பட்ட மனைவியும், தாய்மாரின் அழுகையும் வெளியே வந்தன. ஒரே ஆள், ஒரே நினைவு. ஆகவே எந்தப் பேட்டியைத் திறந்தாலும் முதலில் பேட்டி எடுத்தவர் பெயரைப் பார்த்து, அவர் யார் என்று தேடிவிட்டுப் படியுங்கள். பேச்சைக் கொச்சையாக எழுதியிருப்பதும் பெரும்பாலும் எழுதியவரின் காதுதான், பேசியவரின் வாய் என்று நம்பிவிட வேண்டாம்.

கிளர்ச்சிகளை ஆராயும்போதும் இதே கேள்விதான். 1739-இல் தெற்குக் கரோலினாவின் ஸ்டோனோ, 1811-இல் லூசியானாவின் ஜெர்மன் கோஸ்ட், 1831-இல் வர்ஜீனியாவில் நாட் டர்னர், எல்லாவற்றுக்கும் நம்மிடம் இருப்பது அடக்கியவர்களின் பதிவுகள். நாட் டர்னரின் வாக்குமூலத்தைச் சிறையில் எழுதியவர் தாமஸ் கிரே என்ற வெள்ளைக்கார வழக்கறிஞர். எந்த வாக்கியம் டர்னருடையது, எது கிரேயுடையது என்று பென்சிலால் குறித்துக்கொண்டே படிக்க வேண்டும். வர்ஜீனியாவில் தூக்கிலிடப்பட்டவர்களுக்காக அரசு உடைமையாளர்களுக்கு நஷ்டஈடு கொடுத்தது. எனவே தூக்கிலேறிய ஒவ்வொருவருக்கும் விலை மதிப்பிட்ட காகிதம் இருக்கும். கேப்ரியலோடு 1800-இல் கொல்லப்பட்ட மற்ற 25 பேரின் பெயர்கள் எனக்குக் கிடைத்தது அப்படி ஒரு கணக்குக் காகிதத்தின் தடத்தில்தான்.

ஆயுதம் ஏந்தியதை மட்டும் எதிர்ப்பு என்று எண்ணாதீர்கள். மண்வெட்டியை உடைத்தது, நோயென்று படுத்தது, இரவில் எழுத்துக் கற்றது, டிஸ்மல் சதுப்புநிலத்துக்குள் தலைமுறைகளாக ஒளிந்து வாழ்ந்தது, எல்லாமே எதிர்ப்புதான். உடைமையாளரின் நாட்குறிப்பில் "சோம்பேறி", "திமிர் பிடித்தவள்" என்று வருகிற இடங்களில் நின்று பாருங்கள். 1861 மே மாதம் ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்டு மல்லரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் மூவரும் இரவில் படகேறி மன்ரோ கோட்டைக்குப் போய் ஒன்றியப் படையிடம் அடைக்கலம் கேட்டார்கள். திருப்பித் தரமாட்டோம் என்று கோட்டைத் தளபதி முடிவெடுக்க வேண்டி வந்தது. லிங்கனின் பிரகடனத்துக்கு ஒன்றரை ஆண்டு முன்பே விடுதலையை அவர்கள் தாங்களே தொடங்கிவைத்துவிட்டார்கள். அந்தக் கோட்டை நிற்பது 1619-இல் முதல் கப்பல் நின்ற அதே பாயின்ட் கம்ஃபர்ட்டில்.

நேரில் போவதென்றால்

அமெரிக்காவில் இருப்பவர்கள் கட்டாயம் போங்கள். லூசியானாவின் விட்னி பிளான்டேஷன், அடிமைப்படுத்தப்பட்டவர்களின் வாழ்க்கையை நடுவில் வைத்துக் காட்டும் இடம், சுவர்களில் பெயர்களோடு. அலபாமாவின் மான்ட்கோமரியில் 2018-இல் திறந்த நினைவிடத்தில், கும்பல் கொலைகள் நடந்த ஒவ்வொரு கவுண்ட்டிக்கும் ஒரு துருப்பிடித்த எஃகுத் தூண், எண்ணூறுக்கும் மேல். நுழையும்போது கண்மட்டத்தில் நிற்கும் அவை நடக்க நடக்கத் தலைக்கு மேல் தொங்கத் தொடங்கும். நியூயார்க்கில், 1991-இல் அரசுக் கட்டடத்துக்குத் தோண்டியபோது வெளிப்பட்ட ஆப்பிரிக்க இடுகாட்டில் 419 பேரின் எச்சங்களை 2003-இல் மரியாதையோடு மறுபடி அடக்கம் செய்தார்கள். ஃபிலடெல்ஃபியாவில் ஓனா ஜட்ஜ் வெளியேறிய வீடு இருந்த இடத்தில், அங்கே அடிமைப்படுத்தப்பட்டிருந்த ஒன்பது பேரின் பெயர்களைக் கல்லில் பொறித்தார்கள்.

பழைய பண்ணை மாளிகைகளுக்குப் போகும்போது சுற்றிக்காட்டும் நிகழ்ச்சி எதைப் பற்றியது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நான் முதலில் போன ஒரு மாளிகையில் ஒரு மணி நேரம் பீங்கான் தட்டுகளையும் திரைச்சீலைகளையும் பற்றிச் சொன்னார்கள், சமைத்தவர்களைப் பற்றி "வேலையாட்கள்" என்று ஒரு வரி. சமையலறையில் யார் இருந்தார்கள், பெயர் என்ன என்று கேட்டேன். வழிகாட்டிக்குத் தெரியவில்லை. இப்போது எங்கே போனாலும் அந்தக் கேள்வியைக் கேட்கிறேன். நீங்களும் கேளுங்கள், சத்தமாக, மற்றவர்கள் காதில் விழும்படி. இடுகாடுகளிலும் நினைவிடங்களிலும் குடும்பப் படம் எடுத்துக்கொள்வதைத் தவிருங்கள். பக்கத்தில் நிற்பவரின் பாட்டனாக இருக்கலாம் அங்கே படுத்திருப்பவர்.

குறிப்பு எழுதும்போது ஒரு பெயருக்கு ஒரு தாள். தாளில் மூலக் காகிதத்தின் பெயர், தேதி, பக்கம் அல்லது படச்சுருள் எண், எழுதியவர் யார், அவருக்கு என்ன லாபம் என்பதும் இருக்கட்டும். தமிழில் எழுதும்போது பக்கத்திலேயே மூலத்தின் எழுத்துக்கூட்டலையும் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஆறு மாதம் கழித்துத் திரும்பத் தேட முடியாது.

கையில் ஒரு மணி நேரம் இருக்கிறது, இன்றே ஏதாவது செய்ய வேண்டும் என்றால் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் இணையப் படியெடுப்பு மையத்துக்குப் போங்கள். ஃபிரீட்மென்ஸ் பீரோவின் கையெழுத்துப் பக்கங்களை யார் வேண்டுமானாலும் பார்த்துத் தட்டச்சு செய்யலாம், அமெரிக்கக் குடியுரிமையோ பட்டமோ தேவையில்லை. இடது பக்கம் பழைய தாளின் படம், வலது பக்கம் காலிப் பெட்டி. புரியாத சொல் வந்தால் புரியவில்லை என்று குறித்துவிட்டு மேலே போகலாம், உங்களுக்குப் பின் வேறொருவர் சரிபார்ப்பார். நான் முதலில் எடுத்த பக்கம் ஒரு கூலி ஒப்பந்தம். கடைசியில் கையெழுத்துக்குப் பதிலாக நாலு பெருக்கல் குறிகள், ஒவ்வொன்றின் இருபுறமும் எழுத்தர் எழுதிவைத்த பெயர். அந்த நான்கையும் தட்டி முடிக்க எனக்கு இருபது நிமிடம் பிடித்தது.